பம்ப் ஓடுச்சா?

ஏப்ரல் 18, வெள்ளி

பம்ப் ஓடியது. தண்ணீர் வெளியே போனது. நின்றது.

இவ்வளவுதான் எழுத வேண்டுமாம். "நீ வாயால சொன்னா ஊர்க்கதையெல்லாம் சேத்துக்குவ தையலு. எழுதி வை, நான் படிச்சுக்குறேன்" என்று சொல்லி, ஐஸ் கம்பெனியில் தந்த டைரியை என் கையில் திணித்துவிட்டார் வீட்டுக்காரர். பேர் சிங்காரவேலு. இடது காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. கட்டிலில் படுத்துக்கொண்டே தெருவை ஆட்சி செய்கிறார்.

எங்கள் விசைப்படகு, ஸ்ரீ எல்லையம்மன் போட்டு, மீன்பிடித் தடைக்காலம் முடியும்வரை கடுவையாற்றில் கட்டிக் கிடக்கும். இஞ்சின் நின்றுவிட்டது என்பதற்காகத் தண்ணீர் சும்மா இருக்காது. பின்விசிறியைச் சுற்றுகிற ஷாஃப்ட் வெளியே போகிற இடத்தில் சொட்டுச் சொட்டாக உள்ளே வரும். மழை பெய்தால் மேலேயிருந்து வரும். எல்லாம் போய் இஞ்சின் ரூம் அடியில் சேரும். அங்கே உட்கார்ந்திருக்கிற சின்னப் பம்ப் தானாக ஓடி அதை வெளியே இறைக்கும். மொட்டைமாடித் தொட்டியில் இருப்பது போல இதற்கும் ஒரு மிதவை உண்டு. அங்கே தண்ணீர் நிறைந்தால் மோட்டார் நிற்கும், இங்கே நிறைந்தால் ஓடும். அது ஓடாமல் போனால், கட்டிய இடத்திலேயே போட்டு முழுகும்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவன் என் தம்பி செழியன். இப்போது இந்த வீட்டில் அவன் பேரை எடுக்கக் கூடாது. மற்ற ஆட்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆக, நான்.

ஏப்ரல் 19

ஓடியது. நின்றது. நல்ல வெயில்.

ஏப்ரல் 21, திங்கள்

ஓடியது. நின்றது.

போட்டில் ஏறுவதற்கு எனக்குச் சட்டதிட்டம் எல்லாம் போட்டுக் கொடுத்திருக்கிறார். செருப்பைக் கரையிலேயே விட வேண்டும். முன்பக்கமாக ஏறக் கூடாது. அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் பின்பக்கமாக ஏற வேண்டும். வீட்டுக்குத் தூரமான நாட்களில் கரையில் நின்று பார்த்தால் போதும். எங்கள் ஊரில் பெண்கள் மீனை விற்கலாம், காய வைக்கலாம், வலை பின்னலாம். போட்டில் மட்டும் கால் வைக்கக் கூடாது. வைத்தால் தொழில் படுத்துவிடுமாம்.

நான் ஏறுவதைப் பக்கத்துப் போட்டுக்காரர் மாசிலாமணி அண்ணன் பார்த்துவிட்டார். "என்னா தங்கச்சி, ஊர்ல ஆம்பளைக்கா பஞ்சம்?"

"ஆம்பளைங்க பூரா நெழல்ல உக்காந்து சீட்டாடுறாங்களேண்ணே. எழுப்பி விட்டா பாவம் இல்லியா?"

அவர் கையிலும் சீட்டு இருந்தது. அதைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 23

ஓடியது. நின்றது.

உங்களுக்கு மூளை இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

ஓடியது. நின்றது.

முதல் வரியை மட்டும்தான் படிக்கிறார். நேற்று இரண்டாவது வரியில் என்ன எழுதினேன் என்பது மேலே இருக்கிறது. டைரியை வாங்கிப் பார்த்தார், "ம்" என்றார், திருப்பிக் கொடுத்துவிட்டார். இனி முதல் வரி அவருக்கு. மீதி எனக்கு.

அப்படியென்றால் அந்தக் கதையை எழுதிவிடலாம். பங்குனித் திருவிழா முடிந்து முதல் தடவையாகத் தொழிலுக்குப் போனபோது நடந்தது. ஐஸ் நிறைய, டீசல் நிறைய. வலையைப் போட்டுவிட்டு இஞ்சினை அணைத்து எல்லோரும் படுத்துவிட்டார்கள். காவல் செழியன். விடியும் நேரத்தில் இஞ்சின் ரூமில் முழங்கால் அளவு தண்ணீர். அவன் போட்ட சத்தத்தில் இவர் எழுந்து ஓடி, ஏணியில் வழுக்கி விழுந்து, காலை முறித்துக்கொண்டார். பம்ப் கருகிக் கிடந்தது. இஞ்சின் கிளம்பவில்லை. வேறொரு போட்டு இழுத்து வந்து சேர்த்தது. கொஞ்சம் தாமதமாகியிருந்தால் ஒருத்தரும் திரும்பியிருக்க மாட்டார்கள்.

ஏலக்கூடத்தில் ஊரே கூடி நிற்க, தூக்கிக்கொண்டு வந்த பலகையில் படுத்தபடியே இவர் கத்தினார்: "தூங்குமூஞ்சிப் பய. காவல் காக்கச் சொன்னா படுத்துத் தூங்கி அத்தன பேரையும் சாவடிக்கப் பாத்தான்."

செழியன் சொன்னது ஒன்றே ஒன்று. "நான் தூங்கல மாமா. பம்பு ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. சத்தம் நின்னதும்தான் எட்டிப் பாத்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் தண்ணீர் எப்படி ஏறும்? அன்றிலிருந்து அவனுக்குத் தூங்குமூஞ்சி என்றே பேர். எந்தப் போட்டிலும் அவனைக் காவலுக்கு வைக்கச் சம்மதிக்கவில்லை. கடல் வேலையைத் தவிர வேறு எதுவும் தெரியாதவன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஓடவில்லை. சரிசெய்தபின் ஓடியது.

காலையில் போனபோது அடியில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் நின்றது. பம்ப் பேசாமல் இருந்தது. கையை விட்டுத் துழாவினால், பழைய வலைத் துண்டு ஒன்று, நைலான், மிதவையைச் சுற்றிக்கொண்டு அதை எழவிடாமல் பிடித்திருந்தது. அறுத்து எடுத்தேன். மிதவை எழுந்தது, பம்ப் ஓடியது. தண்ணீர் பக்கவாட்டு ஓட்டை வழியாகச் சளசளவென்று ஆற்றில் விழும் சத்தம் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கையெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. சீயக்காய் போட்டும் போகவில்லை.

வந்து சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா! அன்னிக்கும் இதேதான். மிதவை சிக்கிருக்கு. முழிச்சிருந்தா கையால தூக்கி விட்டுருக்கலாம்ல? தூங்கிட்டான்."

"சிக்கியிருந்தா பம்பு ஓடியே இருக்காது. புதுசு மாட்டுனப்போ கழட்டிக் குடுத்த பழைய பம்பு கருகிப்போயில்ல இருந்துச்சு? ஓடாத பம்பு எப்புடிங்க கருவும்?"

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலில் கட்டோடு திரும்பிப் படுப்பது சிரமம், இருந்தாலும் படுத்தார்.

மே 4, ஞாயிறு

ஓடியது. ரபீக் பாய் வந்து வயர் மாற்றினார்.

நாகூர் ரோட்டில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் ரபீக் பாயை நான்தான் கூப்பிட்டேன். வயர் ஜாயிண்ட்டைப் பிரித்துக் காட்டினார். செம்பு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. தொட்டதும் உதிர்ந்தது. வெட்டி எறிந்துவிட்டுப் புது வயர் இழுத்து, ஈயம் வைத்து, மேலே உறை போட்டு, தண்ணீர் எட்டாத உயரத்தில் கட்டிவிட்டார். இடையிடையே தண்ணீர் கேட்டார், டீ கேட்டார், அரசியல் பேசினார்.

பழைய பம்பை வீட்டிலிருந்து எடுத்துப் போயிருந்தேன். அவர் அதைத் திறந்து முகர்ந்தார். "இது ஷார்ட் ஆகிக் கருவுனது இல்லம்மா. ரொம்ப நேரம் ஓடிக் கருவிருக்கு. பாவம், ஓடு ஓடுன்னு ஓடிருக்கு."

அவரை அங்கேயே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஓடியிருக்கிறது! அவன் சொன்னது பொய்யில்லை.

வீட்டில் சொன்னேன். "ரபீக்குக்கு என்னா தெரியும்? கரையில உக்காந்துருக்குற ஆளு" என்றார்.

"நீங்களும் இப்ப கரையிலதான் உக்காந்துருக்கீங்க."

ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். பத்து நிமிஷத்தில் கேட்டார்.

மே 9, வெள்ளி

ஓடியது. நின்றது.

பெரிய தூக்குவாளி எங்கே என்று கேட்டார். தெரியாது என்றேன். கெளுத்திக் குழம்பு ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது என்று கேட்டார். சட்டியில் சுண்டிவிட்டது என்றேன்.

மே 10

ஓடியது. தூக்குவாளி கிடைத்துவிட்டது.

நேற்று குழம்பு கொண்டுபோய்ப் பார்த்தேன், செழியன் இளைத்துவிட்டான். தாடி வேறு. மாசிலாமணி அண்ணன் தன் 'வேலவன்' போட்டில் வலை இழுக்கும் ஆளாக அவனைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். காவல் வேலை மட்டும் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் சேர்த்திருக்கிறார்.

"பரவால்லக்கா. வலைய இழுத்துட்டுப் போறேன்" என்றான்.

"மாமாகிட்ட வந்து ஒரு வார்த்த பேசேன்டா."

"என்னான்னு பேச? தூங்குனேன், மன்னிச்சுக்குங்கன்னா? நான் தூங்கலயேக்கா. பம்பு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஓடுதுன்னா எறைக்குதுன்னுதானே அர்த்தம்? அத நம்பித்தான உக்காந்துருந்தேன்." குழம்பைத் தொடாமல் பேசிக்கொண்டிருந்தான். நான் அதட்டியபிறகு சாப்பிட்டான்.

மே 17, சனி

நாள் முழுக்க ஓடியது.

காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோவில் சொன்னார்கள். காலையிலிருந்து கொட்டித் தீர்த்தது. பாலித்தீன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நாலைந்து தடவை ஆற்றுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். வீட்டில் இருந்தால் போட்டில் என்ன ஆனதோ என்று இருக்கிறது. போட்டில் இருந்தால் இவர் தனியாகக் கட்டிலிலிருந்து இறங்கி விழுந்துவிடுவாரோ என்று இருக்கிறது. எங்கேயும் கால் தரிக்கவில்லை. போன் வேறு.

"பம்ப் ஓடுச்சா?"

"ஓடுதுங்க."

"நின்னுச்சா?"

"நின்னுச்சுங்க."

"மறுபடி ஓடுச்சா?"

"அதுக்குள்ள நீங்க போன் பண்ணிட்டீங்க."

சாயங்காலம் மழை விட்டது. பம்ப் ஒரு குறையும் வைக்கவில்லை. ஓடுகிறது, அடி காய்கிறது, நிற்கிறது. இவ்வளவு மழையையே சமாளிக்கிற பம்ப், மழையே இல்லாத அன்றைக்கு ஏன் தோற்றது? மிதவை சரி, வயர் சரி, பேட்டரி சரி. ஷாஃப்ட்டில் சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து வைத்தால் ஒரு நாளைக்கு ஒரு குடம்கூடத் தேறாது. அப்புறம் முழங்கால் அளவு தண்ணீர் எங்கேயிருந்து வந்தது? இதைக் கேட்டால் இவரிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. தூங்கிவிட்டான். தண்ணீர் தூக்கத்திலிருந்தா வரும்?

மே 18

ஓடியது. எனக்கு ஜுரம்.

மே 27, செவ்வாய்

ஓடியது. நின்றது.

இவருக்கு மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். கால் குச்சி மாதிரி இருக்கிறது. அக்குளில் கட்டையை ஊன்றி நடக்கலாம், படியோ ஏணியோ ஏறக் கூடாது, இந்த சீசனுக்குக் கடல் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போட்டை ஓட்ட வேதாரண்யத்திலிருந்து ஒரு டிரைவரைப் பேசி வைத்திருக்கிறார்.

"புது டிரைவருக்கு நம்ம போட்டு பழக்கமில்ல. பம்ப் மட்டும் சரியா இருந்துட்டா போதும் தையலு. அத மட்டும் பாத்துக்க."

அவர் அப்படிக் கெஞ்சுகிற குரலில் பேசி நான் கேட்டதில்லை. ஏழு பேர் அந்தப் போட்டில் போகப்போகிறார்கள். அன்றைக்கு வந்த தண்ணீர் மறுபடி வந்தால்?

ஜூன் 5

ஓடியது. நின்றது. துரும்பு அரித்து எடுத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

இன்றைக்கு முதல் வரி கிடையாது. அவர் படித்தால் முழுசாகப் படிக்கட்டும்.

நேற்றும் இன்றும் போட்டில் ஐஸும் டீசலும் ஏற்றினார்கள். இனிமேல் கிளம்புகிற நாள் பூசை முடியும்வரை நான் ஏறக் கூடாது என்பதால் மதியத்துக்குள் ஒரு கடைசிப் பார்வை பார்த்துவிடச் சொன்னார். அவரும் கட்டையை ஊன்றிக்கொண்டு கூடவே வந்தார். ஏணி இறங்க முடியாததால் மேலே உட்கார்ந்துகொண்டார். நான் இஞ்சின் ரூமில் இறங்கினேன்.

பம்ப் ஓடியது. நின்றது. நல்லது என்று ஏணியில் கால் வைத்தேன், மறுபடி ஓடியது. நின்றது. கையைத் துடைப்பதற்குள் மறுபடி ஓடியது. மழை இல்லை. சொட்டு எப்போதும் போலத்தான். ஆனால் குறைந்த அடித்தண்ணீர் உடனே மறுபடி ஏறியது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. பம்ப் ஓடினால் ஆற்றில் தண்ணீர் விழுகிற சளசளப்பு கேட்க வேண்டும். இத்தனை வாரமும் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன். இன்றைக்குப் பம்ப் உறுமுகிறது, வெளியே சத்தமே இல்லை.

மேலே ஏறி ஓரமாகக் குனிந்து பார்த்தேன். தண்ணீர் வெளியே போகிற ஓட்டையைக் காணவில்லை. ஐஸ் பாரத்தில் போட்டு இறங்கி, ஓட்டை ஆற்றுத் தண்ணீருக்குள் போய்விட்டது.

மறுபடி கீழே போனேன். பம்ப் சுவிட்சை அணைத்தேன். கிளிப்பைத் தளர்த்திக் குழாயைப் பம்பிலிருந்து உருவினேன். உருவியதும் குழாயிலிருந்து ஆற்றுத் தண்ணீர் பீய்ச்சி என் முகத்திலேயே அடித்தது. வாயெல்லாம் சேறு. குழாயைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன், நின்றது. இறக்கினேன், வந்தது. மறுபடி தூக்கினேன், நின்றது.

இதுதான். தண்ணீர் வெளியே போகிற வழியாகவே உள்ளே வருகிறது. பம்ப் இறைக்கும், நிற்கும். நின்றதும் இறைத்த தண்ணீரும் கூடவே ஆறும் அதே குழாயில் திரும்பி வரும். மறுபடி ஓடும். இப்படி ஓடி ஓடி ஒரு கட்டத்தில் கருகும். கருகியபின் தடுக்க ஆளில்லை. செழியன் கேட்டது பம்ப் ஓடுகிற சத்தம்தான். அவன் தூங்கவில்லை. கரைக்கு இழுத்து வந்து ஐஸைக் கொட்டியதும் போட்டு உயர்ந்துவிட்டது, ஓட்டையும் மேலே வந்துவிட்டது. காலிப் போட்டில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் மிதவையையும் வயரையும் நோண்டிக்கொண்டிருந்தோம்.

குழாய் முனையை உயரத்தில் கட்டி வைத்துவிட்டுக் கீழேயிருந்து கத்திச் சொன்னேன். ஏறி வந்து பார்த்தால், முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்.

"அந்த ஓட்ட எப்பவும் மேலதானங்க இருந்துச்சு?"

அப்போதுதான் சொன்னார். திருவிழாவுக்கு முந்தின வாரம் பெயிண்டர் போட்டின் பக்கவாட்டில் அம்மன் படம் எழுதினான் அல்லவா? பழைய ஓட்டை அம்மனின் நெற்றிக்கு நேராக இருந்தது. பம்ப் ஓடினால் எண்ணெய்க் கறுப்புத் தண்ணீர் அம்மன் முகத்தில் வழியும். 'ஓட்டையக் கீழ எறக்கிடுங்கண்ணே, படத்துக்குக் கீழ போயிடும்' என்று பெயிண்டர் சொல்லியிருக்கிறான். இவரே டிரில் போட்டு இறக்கிவிட்டார். பழைய ஓட்டையைப் பைபர் வைத்து அடைத்தாயிற்று. காலிப் போட்டில் அளந்து போட்ட ஓட்டை. ஐஸ் பாரம் யாருக்கும் நினைவில் வரவில்லை.

"இப்ப என்னா பண்றது?"

"ரபீக்கக் கூப்பிடு. குழாய நீட்டி, பின்பக்கம் மேடா கொண்டு போயி விட்டுருவோம். கீழ இருக்குறத அடைச்சுருவோம். தண்ணி திரும்பாத வால்வும் ஒன்னு போட்டுருவோம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தையலு, இத வெளிய சொல்லாத. குழாய் பழசு, மாத்துனோம்னு சொல்லிக்கலாம். நானே ஓட்டைய எறக்கி நானே போட்ட முழுக வச்சேன்னு தெரிஞ்சா ஏலக்கூடத்துல தல காட்ட முடியுமா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில் வந்தது. "அம்மன் மூஞ்சியில அழுக்குத் தண்ணி படக் கூடாதுன்னு அவ்வளவு பாத்தீங்களே. என் தம்பி மூஞ்சியில ஊருக்கு முன்னாடி ஊத்துனீங்களே, அது பரவால்லியா?"

அவர் கட்டையின் முனையால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார்.

சாயங்காலத்துக்குள் ரபீக் பாய் குழாயை மாற்றிக் கொடுத்துவிட்டார். பம்ப் ஓடியது, நின்றது, நின்றது நின்றபடி இருந்தது. என்ன ஆயிற்று என்று ரபீக் பாய் கேட்டார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "குழாய் பழசு பாய்" என்றார் அவர்.

நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் இப்போது சோறு இறங்கவில்லை.

ஜூன் 14, சனி

செழியனுக்கு மூன்று தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. வேலவன் போட்டில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருப்பான். அவனிடம் சொல்லிவிடலாமா, வேண்டாமா? சொன்னால் இவர் முகத்தில் முழிக்க முடியாது. சொல்லாவிட்டால் அவன் முகத்தில் முழிக்க முடியாது. இவர் "ஒரு நடை போயிட்டு வரட்டும், அப்பறம் நானே கூப்பிட்டுப் பேசிக்கிறேன்" என்கிறார். பாதி மனது சரி என்கிறது. அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்து, பொறுக்கிய கல்லைத் திரும்ப அரிசியிலேயே போட்டிருக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

விடிந்ததும் கரையெங்கும் கூட்டம். எல்லாப் போட்டிலும் மாலை, சந்தனம், வாழைக்கன்று. பூசணிக்காய் உடைத்து எங்கள் போட்டு முதலில் கிளம்பியது. வேதாரண்யம் டிரைவர் கையை ஆட்டிவிட்டுப் போனார். பின்பக்கம் உயரத்தில் வைத்த குழாயிலிருந்து தண்ணீர் ஒரு தரம் சளசளவென்று விழுந்து நின்றது.

பெண்கள் எல்லோரும் வழக்கம் போலத் தள்ளி நின்றோம். எங்கள் போட்டு நின்ற இடம் காலியானதும் அதற்கு அப்பால் நின்ற வேலவன் முழுசாகத் தெரிந்தது. புதுப் பெயிண்ட் பளபளக்க, பக்கவாட்டில் மயிலோடு முருகன். தடைக்காலத்தில் எழுதியது. அதே பெயிண்டர். பின்னால் செழியன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

என் கண் என்னை அறியாமல் ஓட்டையைத் தேடியது. முருகன் முகத்துக்குப் பக்கத்தில் இல்லை. மயிலுக்குக் கீழேயும் இல்லை. ஐஸ் பாரத்தில் போட்டு நன்றாக இறங்கியிருந்தது. பம்ப் உறுமுகிற சத்தம் கேட்டது. எங்கேயும் தண்ணீர் விழவில்லை.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. "பொம்பள குறுக்க போவுதுடா!" என்று யாரோ கத்தினார்கள். முன்கயிறு இன்னும் கரையில் இருந்த குட்டை இரும்புத் தூணில்தான் மாட்டியிருந்தது. ஒருத்தன் அதைக் கழற்றக் குனிந்தான். நான் போய்த் தூணைக் கட்டிக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாசிலாமணி அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "தங்கச்சி, மொதல் தொழிலு. நல்ல நேரம் போவுது. எந்திரி."

"போவக் கூடாதுண்ணே. போட்டு முழுவும்."

கிளம்புகிற போட்டைப் பார்த்துச் சொல்லக் கூடாத வார்த்தை. எனக்கே நாக்கு கசந்தது. மாசிலாமணி அண்ணனின் மனைவி மண்ணை வாரித் தூற்றினாள்.

"ஓட்டை தண்ணிக்குள்ள இருக்குண்ணே. பம்பு நின்னா தண்ணி திரும்பி உள்ள வரும். எறங்கிப் பாருங்க."

"தம்பி தூங்குமூஞ்சி, அக்காளுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று ஒருத்தன் சொன்னான். சிலர் சிரித்தார்கள். போட்டின் மேலே செழியன் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு பேர் என் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள். நான் கூட்டத்தில் இவரைத் தேடினேன்.

அவர் ஏலக்கூடத்துத் தூண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். போட்டைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. எங்கள் கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதரை நான் அப்படி வெறுத்ததில்லை.

பிறகு கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தார். கூட்டம் விலகியது. எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, என் தோளில் இருந்த கைகளைத் தட்டிவிட்டார்.

"அவ சொல்றது நெசம் மாசிலாமணி. என் போட்டுல அன்னிக்கு இதான் நடந்துச்சு." குரல் எடுபடவில்லை. இருமிவிட்டு மறுபடி பெரிதாகச் சொன்னார். "அம்மன் படம் அழுக்காவக் கூடாதுன்னு நான்தான் ஓட்டையக் கீழ எறக்குனேன். தண்ணி அது வழியாத்தான் வந்துச்சு. செழியன் தூங்கல. பம்பு ஓடுச்சுன்னு அவன் சொன்னது அத்தனையும் நெசம். இது எனக்கு முந்தாநாளே தெரியும். வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லாம இருந்தேன். இன்னும் அஞ்சு நிமிசம் நான் வாய மூடிக்கிட்டு இருந்துருந்தா அவன் அந்தப் போட்டுல போயிருப்பான்."

மாசிலாமணி அண்ணன் திரும்பிப் போட்டைப் பார்த்தார். அதற்குள் செழியன் இஞ்சின் ரூமுக்குள் இறங்கியிருந்தான். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து அவன் குரல் வந்தது.

"அண்ணே, பம்ப நிறுத்திட்டுக் குழாய உருவிட்டேன். தண்ணி உள்ள கொட்டுதுண்ணே!"

மாசிலாமணி அண்ணன் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். அவர் மனைவி வந்து என் கையைப் பிடித்தாள். சீட்டு ஆடுகிற கூட்டம் மொத்தமும் அவரவர் போட்டின் ஓரத்துக்கு ஓடிக் குனிந்து பார்த்தது.

செழியன் குழாய் முனையை உயர்த்திக் கட்டிவிட்டு ஏறி வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. போட்டிலிருந்து கரைக்குத் தாவினான். இவர் எதிரில் வந்து நின்றான். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். செழியன் அவர் காலைக் குனிந்து பார்த்தான். பக்கத்தில் கிடந்த மீன் டிரே ஒன்றை இழுத்துக் கவிழ்த்துப் போட்டான்.

"ரொம்ப நேரமா நிக்கிறீங்க மாமா. கால் வலிக்கும். உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு ஊர் பார்க்க அழுதார். செழியன் குழாய் வாங்க ரபீக் பாய் கடைக்கு ஓடிவிட்டான். நான் அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன்.